ஈரம் காயாத அச்சு

நம் பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு வணக்கம். மூட்டு வலி தேவலையா? நான் சுகம்.

பட்டறையில், தூண்டிலில் இரையாக மாட்டும் பிளாஸ்டிக் மீனுக்குப் பிளாஸ்டர் மாவில் அச்சு செய்து காயவைத்தேன். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு, உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றினேன். உள்ளே ஈரம். குபீரென்று பொங்கி வலது கையில் தெறித்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

முதலாளி, "என்னம்மா, எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிற நீங்களே இப்படியா?" என்றார்.

"மீன் மாட்டுறதுக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன்யா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டுப் பிரிக்க ஒரு மாதமாகுமாம். விடுதியில் பக்கத்து அறைப் பெண்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். அவள் சீக்கிரம் வேலைக்குப் போய்விட்டால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைவழியாக மாட்டும் பனியன் இரண்டு அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதே போதும்.

இடது கையால் எழுதுகிறேன், வலிக்கிறது, முடிக்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பாட்டிக்குக் கை தவறாது என்றே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி