எழுந்து நிற்க வேண்டாம்

முகப்பேர்,
14.9.1993

அன்புள்ள ஞானத்துக்கு,

நீ ஆவடியில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. நேற்று உன் ரிப்போர்ட்டுகளோடு நான் மட்டும் டாக்டரைப் பார்த்தேன். ஜூனில் வந்த வைரஸ் காய்ச்சல் போய்விட்டது, ரத்தக்குழாய்கள்தான் இன்னும் தேறவில்லை என்றார். நாம் எழுந்ததும் காலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ள வேண்டுமாம். பழைய காலுறையில் எலாஸ்டிக் தொய்ந்துவிடுவதை நினைத்துக்கொள். உனக்கு ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, தலைக்குப் போதவில்லை. நின்றால் உனக்கு மயக்கம் வருவது அதனால்தான்.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய நான், நிற்க நிற்கச் சரியாகும் என்று உன்னையும் நிற்கவைத்தேன். தண்ணீர் லாரி வரிசையில் நிற்கவைத்தேன். மாதா கோயிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது, "எழுந்து நில்லு, எல்லாரும் பாக்கறாங்க" என்று முழங்கையால் இடித்தேன். நீ அங்கேயே விழுந்தாய். அப்போதும் "நடிக்காதே" என்றேன்.

இன்று குடத்தோடு வரிசையில் நான் நின்றேன். கீழ்வீட்டு வேம்புலியம்மாள் விடவில்லை. "இன்னா வாத்தியாரே, உன் வூட்டம்மா நின்னப்ப ஜன்னலாண்ட குந்திகினு பாத்தியே, இப்ப கால் வலிக்குதா?"

வலித்தது.

மெதுவாக எழ வேண்டும், உப்புப் போட்ட மோர் நிறையக் குடிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர். ஆகட்டும். நீ தேறிவிடுவாய், எனக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை வருகிறேன். என்னோடு கிளம்புவது உன் விருப்பம். கிளம்பினால், ஞாயிறு பூசையில் சுவிசேஷத்துக்கு எல்லாரும் எழும்போது நீ உட்கார்ந்திரு. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் பார்க்கட்டும்.

உன் வாத்தியார்