அழுகைக்கு நடுவே வந்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

டென்சில் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இப்போது இந்த ஊரின் குடிநீர்க் குழாய்களைப் பற்றி ஒரு புத்தகம் வாசிக்கிறேன். ரயிலில் போனில் ஓர் ஈரானியப் படம் பார்த்தேன். ஒரு பெண் பாத்திரம் கழுவுவதை அவசரமே இல்லாமல் காட்டுகிறார்கள். எனக்கும் அப்படி எடுக்கத்தான் ஆசை.

போன வாரம் எங்கள் தாராவிச் சந்தில் என் படத்தின் படப்பிடிப்பு. பக்கத்து வீட்டு விஜயராணி அக்காதான் நடித்தார். மகன் ஊரைவிட்டுப் போகிறான், தாய் அழ வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் காட்சி வைத்தது என் தவறு. பாதி அழுகையில் குழாய் சீறியது. "எய்யா, அழுகைய அப்புறம் வச்சுக்கிடுவோம், தண்ணி போயிரும்" என்று குடத்தோடு ஓடிவிட்டார். நான் கேமராவை நிறுத்தவில்லை. படத்திலேயே உண்மையான காட்சி அதுதான்.

தயாரிப்பாளர் அதை வெட்டச் சொன்னார். "தாராவின்னா ரெண்டு துப்பாக்கியாவது வேணாமா? குடத்த யாரு பாப்பா?" என்றார். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் வீட்டுக்காரர். மறுத்தேன், விலகிவிட்டார். கவலைப்படாதீர்கள், கல்யாண வீடியோ எடுத்தாவது மீதியை முடிப்பேன்.

ஓடியதில் அக்காவின் சேலை கிழிந்துவிட்டது. அடுத்த காட்சிகளுக்கு உங்கள் பழைய பச்சைச் சேலையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்தபடியே மடித்து அனுப்புங்கள்.

"ஏ டைரக்டரு, ஒன் வாளி நெறஞ்சு வழியுது!" அக்காதான் கத்துகிறார். ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
டென்சில்