கயிறு பிடிக்கும் கூடம்

இன்று காலை திரேஸ்புரம் காத்திருப்புக் கூடத்தில் மெக்கானிக் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் இருப்பதாக நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூடம் என்ன ஆயிற்று என்பதை உனக்கு நான்தானே சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கூடம் வேண்டும் என்று மீனவர் சங்கத்தார் கேட்டபோது, நான் ஒரே வாரத்தில் முத்துச்சிப்பி வடிவில் வரைந்துகொண்டு வந்தேன். வெயிலுக்கும் காற்றுக்கும் தக்கபடி கூரை தானாகத் திறந்து மூடும். நான் கட்டடம் வரைபவள். சென்சாரும் மோட்டாரும் உன் பாடு. பாலிடெக்னிக் முடித்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் ஏற்பாடு. நீ படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏளா, சிப்பிய எதுக்குத் தொறப்போம்? அறுத்து முத்த எடுக்கத்தான? உள்ள உக்காந்திருக்கவள எவன் அறுக்க வாரான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஏரல் வயலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் தெரியாது என்று குத்திக்காட்டுகிறாய் என நினைத்தேன். நீ விடவில்லை. உருவகம் என்பது கட்டடத்துக்கு மாட்டுகிற சட்டை இல்லை, கட்டடம் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித்தருவது என்றாய். மறுநாளே உன் அந்தோணி அண்ணனின் படகில் என்னை ஏற்றி, நீயும் கூட வந்தாய்.

அன்று அண்ணனின் கூட்டாளி சங்கு எடுக்கக் கீழே இறங்கியிருந்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி அண்ணன் கையில். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். கயிறு அசைந்ததை நாம் இருவரும் பார்க்கவே இல்லை. பதிலுக்கு ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நான் இருக்கேனான்னு கேக்கான்" என்று கதையைத் தொடர்ந்தார்.

நீ என் முழங்கையைக் கிள்ளினாய். "இதுதான் நம்ம கட்டடம்."

அதைச் செய்யப்போய் முதலில் தோற்றோம், நினைவிருக்கிறதா? பாதி கட்டிய கூடத்தில் படகுக்கு ஒன்றாக நிஜக் கயிறுகளையே தொங்கவிட்டோம். படகிலிருந்து சிக்னல் வந்தால் அந்தக் கயிறு அசையும். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மெர்சியக்கா மட்டும் தட்டவில்லை. அவர் கணவர் அன்று கடலில் இருந்தார்.

"அசையுறப்ப சரிதாம்மா. சும்மா தொங்குறதப் பாத்தா கீழ ஆளு இல்லாத கயிறு மாதிரி இருக்கு. அத எடுத்துருங்க."

அன்று மாலையே ஏணி போட்டு ஏறி எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தாய். அண்ணனிடமிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டோம், பிடியை விட்டுவிட்டோம் என்று சொன்னது நீதான். அடுத்த மாதம் பெஞ்சுகளுக்கு, படகுக்கு ஒன்றாக, மரக் கைப்பிடி செய்யத் தொடங்கினோம். காத்திருப்பவர் அதை அழுத்தினால் படகில் ஒரு சிறு விளக்கு எரியும். படகில் இருப்பவர் பொத்தானைத் தட்டினால், மரம் உள்ளங்கையை மெல்ல உந்தும். சிக்னல் எட்டும்வரை கைப்பிடி ஓரத்தில் பச்சை விளக்கு எரியும், எட்டாத தூரத்துக்குப் படகு போய்விட்டால் மஞ்சள். அப்போதும் பச்சையே எரியட்டும், மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று நான் சொன்னதற்கு நீ கத்தினாய். "தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும். பொய் சொல்லுத கட்டடத்த நான் கட்ட மாட்டேன்."

அதன் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் பதினொரு நாளில் திரும்பாமலே போய்விட்டாய். இரண்டு கைப்பிடிகள்தான் முடிந்திருந்தன.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவங்க இல்லாம இது நடக்குமா? பேசாம அந்தச் சிப்பிக் கூரையையே போட்டு, ஒரு பெரிய டிவி மாட்டிருவோமே." நடக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. ஒரு வயரை உருப்படியாக ஒட்டத் தெரியாது எனக்கு. அப்போது பின்வரிசையிலிருந்து மெர்சியக்கா எழுந்தார். "சிப்பி, பாக்க வாரவங்களுக்கு. கைப்பிடி, காத்துக் கெடக்கவங்களுக்கு. யாருக்குக் கட்டுதோம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க." அன்றே கைப்பிடி என்று முடிவாயிற்று.

உன் நோட்டுகளை எடுத்துவைத்து எட்டு மாதம் படித்தேன். உன் கையெழுத்தைத் திட்டாத நாள் இல்லை. உப்புக்காற்று மூன்று முறை போர்டுகளை அரித்துத் தின்றது. மூன்று முறையும் கழற்றி மறுபடி செய்தேன். அந்தோணி அண்ணன் தொழிலுக்குப் போகும்போதெல்லாம் படகில் பொருத்தும் சிக்னல் பெட்டியைக் கொண்டுபோய்ச் சோதித்துச் சொன்னார். ஒருநாள் கரையில் நான் பிடித்திருந்த மரம் உள்ளங்கையை உந்தியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் கரைக்கு வந்து, "அவ இருந்தா, ஒரு தட்டுக்கே இப்படியான்னு கேட்டிருப்பா" என்றார்.

திறப்பு விழா முடிந்து சில வாரம் கழித்து ஒரு மதியம் காற்று மாறியது. படகுகள் வரும் நேரம் தாண்டிவிட்டது. கூடம் நிறைந்திருந்தது, எல்லாக் கைப்பிடியிலும் மஞ்சள். மெர்சியக்காவின் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன். "தெரியலன்னு சொல்லுது, அவ்வளவுதான்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். வெகுநேரம் கழித்து அவர் தோள் இறங்கியது. "தட்டிட்டாரு" என்றார். பதிலுக்கு ஒருமுறை அழுத்தினார். பிறகு, உலை வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மற்றக் கைப்பிடிகளும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின.

போன வாரம் காயல்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கணவரும் இரண்டு மகன்களும் துபாயில். "எங்க வூட்டுக்கும் ஏதாச்சும் செய்ய முடியுமாம்மா?" என்றார். கூடத்தில் செய்ததையே அங்கும் மாட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் கடலுக்குப் போனவருக்காகக் காத்திருப்பதும், வருஷம் ஒருமுறை வருகிறவருக்காகக் காத்திருப்பதும் ஒன்றில்லை. அவர் வீட்டுக்கு என்ன உருவகம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவரிடம் சொன்னேன்.

திங்கள்கிழமையிலிருந்து அவர் அடுக்களையில் போய் உட்காரப்போகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. அவர் யாருக்காக எந்த நேரத்தில் கதவைப் பார்க்கிறார் என்று தெரியும்வரை ஒரு கோடும் போட மாட்டேன்.