இடியாப்பக் கடையும் வெளிச்ச மருந்தும்

மார்ச் 6, 2024, புதன்

லுக்குட் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், இன்றைக்கும் பாதி மாவு மிஞ்சிவிட்டது. என் இடியாப்பத்தில் ஒரு குறையும் இல்லை, கையில்தான். வெண்புள்ளி விரலில் தொடங்கி முழங்கை வரை ஏறிவிட்டது. வழக்கமாக வாங்கும் முத்தாயி அக்கா கையைப் பார்த்தார், வயிறு சரியில்லை என்றார், பக்கத்துக் கடையில் எண்ணெயில் பொரித்த கரிபாப் வாங்கிக்கொண்டு போனார். வயிறு சரியில்லாதவருக்குக் கரிபாப்பா? இது யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? இப்படியே போனால் கிறிஸ்மஸுக்குள் கடையை மூட வேண்டியதுதான்.

மார்ச் 19, செவ்வாய்

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் துஷ்யந்தி மாத்திரை கொடுத்தார். விழுங்கிவிட்டுக் காத்திருந்து, பிறகு வெளிச்சப் பெட்டிக்குள் கையை நீட்ட வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் மருந்து எழுந்து வேலை செய்யுமாம். அதுவரை சும்மா கிடக்கும் — என் வீட்டுக்காரர் ஸ்டீவன் மாதிரி. அன்றைக்கு முழுக்க வெயில் ஆகாது, கறுப்புக் கண்ணாடி வேறு. வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டீவன், எந்தப் படத்தில் நடிக்கிறாய் என்று கேட்டார். அடி வாங்கியிருப்பார்.

ஏப்ரல் 20, சனி

ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

ஸ்டீவனின் அத்தை மயிலம்மாள் பகாவ் ஊரிலிருந்து கார்போகரிசி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். வெண்புள்ளிக்கு அந்தக் காலத்திலிருந்தே எஸ்டேட்டில் அதுதானாம். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும்தானே? தடவிக்கொண்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

ஐயோ, கை! நேற்று எண்ணெயோடு வெயிலில் துணி காயப்போட்டேன், அவ்வளவுதான். கை முழுக்கக் கொப்புளம். எரியுது... ஏண்டி டோரின், உனக்கு அவசரமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

டாக்டரிடம் மறைக்கப் பார்த்தேன். கொப்புளம் விடுமா? எண்ணெய்க் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"கார்போகரிசியிலயும் உங்க மாத்திரையில இருக்கிற மாதிரி மருந்துதான் இருக்கு. அதுவும் வெயில் பட்டா வேலை செய்யும். நீங்க அளவில்லாம போட்டுச் சுட்டுக்கிட்டீங்க."

கை ஆறும்வரை வெளிச்சப் பெட்டி கிடையாது. விரல் நுனியில் நிறம் திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னார்.

அத்தைக்குப் போன் போட்டேன். தன் எண்ணெயும் நிஜ மருந்துதான் என்று டாக்டரே ஒத்துக்கொண்டதில் அவருக்கு ஒரே பெருமை. நான் வெந்து கிடக்கிறேன், இவருக்குப் பெருமை!

ஜூன் 11, செவ்வாய்

கை ஆறிவிட்டது. மறுபடி பெட்டி. எண்ணெய்ப் பாட்டிலை அத்தையிடமே திருப்பி அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

வந்துவிட்டது! முழங்கைக்குக் கீழே, வெள்ளைக்கு நடுவில், கடுகு சிந்தின மாதிரி பழுப்புப் புள்ளிகள். ஸ்டீவன் டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான், கேட்டால் இல்லை என்பார்.

நவம்பர் 23, சனி

விரல்கள் இன்னும் வெள்ளைதான். அதற்கு மேலே புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பாதிக் கை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இன்று கடையில் பஞ்சாலை என்று பெயர் சொன்ன ஒரு புது அம்மா, கையில் என்ன என்று தயங்கிக் கேட்டார். விடுவேனா? சட்டைக் கையை மடித்து, மாத்திரையில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினேன். தொட்டுப் பாருங்கள் என்றேன், தொட்டார். பின்னால் வரிசை சேர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. கடைசியில் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, கைய அப்புறம் காட்டலாம்லா. எனக்குப் பத்து இடியாப்பம் குடுங்க, புள்ளைங்க பசியா இருக்கு."