குழந்தையின் தாடை, பெரியவரின் கால்

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலம், உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அக்காவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, அவள் பிள்ளையை இனி நாங்கள்தான் பள்ளியில் விட வேண்டும். போனில் பேசினால் குரல் உயரும், அதனால் எழுதுகிறேன். நீங்கள் தோண்டி எடுத்த எலும்புகளின் படம் செய்தித்தாளில் வந்ததை அப்பா வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். பால் வாங்கப் போனாலும் அதே பேச்சு, இருபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் நிமிர்ந்து நடந்த பாட்டனை எங்கள் பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்று. தாடையைக் காட்டி, "அப்படியே உன் அண்ணன்தான், என்ன, இவன் பேசாம இருக்கான்" என்று என்னிடம் கிண்டல் வேறு. சிரித்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாம் ஒரே ஆளுடைய எலும்பு என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் தாடை உடைந்த இடத்தில் இரண்டாவது கடைவாய்ப்பல் இன்னும் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே இருக்கிறது, அது குழந்தை. தொடையெலும்பின் முனையோ வளர்ந்து முடிந்து, ஒட்டிய கோடுகூடத் தெரியவில்லை, அது பெரியவர். உடற்கூறியல் படிக்க வரும் என் முதல் வருஷப் பிள்ளைகள்கூட இதை ஒரே ஆள் என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம்தான் நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்தது, கழுவும்போது இரண்டு குழிகளில் எடுத்த துண்டுகளும் கலந்துவிட்டன என்று. உங்கள் குழுத் தலைவர் அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறாராம், அந்த இனத்தில் கால் முந்தி முற்றிவிடுமாம். அவர் எதையும் சொல்லட்டும். தெரிந்தே ஆய்விதழில் வந்த கட்டுரையில் உன் பெயரைச் சேர்க்கவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று போனில் கேட்டால், "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கம்மா, நான் ஒருத்தி என்ன பண்றது" என்கிறாய். மனிதன் எப்படி நடக்கத் தொடங்கினான் என்று சொல்ல நம்மிடம் இருப்பதே கொஞ்சம் எலும்புதான். அதிலும் பிறக்காத ஒருவனை ஒட்டவைத்து நிறுத்தினால், பின்னால் வருகிறவர்கள் எத்தனை காலம் அவனைத் தேடி அலைவார்கள்?

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். எரிந்து விழுந்தார், பெற்ற பெண்மேலேயே பொறாமையா என்றுகூடக் கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் காட்டிய பல்லை வெகுநேரம் பார்த்தார். படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்தார். "வேலை போயிடுமா அவளுக்கு" என்றார். போகலாம் என்றேன். "போனா வரட்டும், ரூமை ஒழிச்சு வைக்கிறேன்" என்றார். இதை எழுதும்போது உள்ளே பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்கிறது.

இது இரண்டு பேருடைய எலும்பு என்று ஆய்விதழுக்கு நீயே எழுது, தலைவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே. வயிற்றைக் காயப்போடாதே. உனக்கு எல்லாம் நல்லபடி அமையட்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன், மனதாரவும் சொல்கிறேன். எழுதி அனுப்பிய பிறகு போன் பண்ணு. அதுவரை நான் எடுக்க மாட்டேன்.

உன் அம்மா