இடது கைக்கு ஒரு ரிவால்வர்

1937 செப்டம்பர் 12, ஞாயிறு. திண்டிவனம்

காலைப் பூசைக்குப் பாதியில்தான் போக முடிந்தது. கிடங்கலில் ஒரு பிரசவம். பெண் குழந்தை, ஏழு ராத்தல் இருக்கும். தங்கை பூமாலை வைத்த கருவாட்டுக் குழம்பு உப்புக் கரித்தது. சொன்னேன். "அப்ப நீயே வெச்சுக்கோ அக்கா" என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நானும் விடவில்லை, அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 15

கிளியனூர் சாலையில் எங்களை மறித்து இன்றோடு ஒரு மாதம். இரண்டு பேர். என் சங்கிலியும் பிரசவப் பையும் போயிற்று. அவர்களை எதிர்த்து நின்ற வண்டிக்கார அப்பாதுரையின் கை எலும்பு முறிந்தது. இன்று கட்டுப் பிரித்தார்கள். கை கொஞ்சம் கோணல்தான். "மாடு புடிக்க இது போதும்மா" என்கிறான். ஆனால் பொழுது சாய்ந்தால் வண்டி பூட்ட மாட்டானாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரி டாக்டரும் என்னிடம், நாலு மணிக்கு மேல் டவுனைத் தாண்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 20

பாஞ்சாலி செத்துப் போனாள்.

செப்டம்பர் 22

எழுதியே ஆக வேண்டும்.

பெருமுக்கலிலிருந்து பாஞ்சாலியின் புருஷன் ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு ஓடி வந்தான். "ரெண்டு நாளா கத்திக்கினு கீறாம்மா, புள்ள எறங்கல. வாங்கம்மா." நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விடியற்காலை முதல் வேலையாக வருகிறேன் என்றேன். அவன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. விடிந்து போனபோது வாசலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. திருப்பிவிட்டிருப்பேன். இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளைத் திருப்பியிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதா என்னைத் தடுத்தது? பொய். "அவசரமென்றால் உங்கள் இஷ்டம்" என்றுதான் அவர் முடித்தார். பயம். வெறும் பயம். அடி சவுரியம்மா, நீ போயிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும்டி. பொழச்சிருக்கும்.

அக்டோபர் 1

கைத்துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டுவிட்டேன். இனி எந்த ஆளையும் விடியட்டும் என்று திருப்பி அனுப்ப மாட்டேன். பூமாலை கேட்டுவிட்டு, "ஒனக்கு எலியடிக்கவே கை வராது" என்றாள்.

அக்டோபர் 4

மளிகைக்கடை கோதண்டபாணிக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. "நர்சம்மா இனிமே புள்ளைய எடுப்பீங்களா, உசுர எடுப்பீங்களா?" என்றார். "ரெண்டுக்கும் கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன். நான் நகர்ந்ததும், சேரியில் பொறந்தவளுக்குத் துப்பாக்கி கேக்குதாம் என்று சொல்லிச் சிரித்தாராம். பூமாலை கேட்டுக்கொண்டு வந்தாள். இனி துவரம்பருப்பு வேறு கடையில்.

நவம்பர் 3

சப்-கலெக்டர் கூப்பிட்டு விசாரித்தார். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். சுடத் தெரியாதவர் கையில் துப்பாக்கி கொடுப்பது திருடனுக்கே கொடுப்பது போல என்றார். நியாயம்தான். கடைசியில் நிபந்தனையோடு லைசென்ஸ்: ஜனவரி முடிவதற்குள் விழுப்புரம் போலீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் பதினைந்து கஜத்தில் ஆறு குண்டு சுட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் நான்கு விழ வேண்டும். தவறினால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும்.

நான்கு! விழும். விழாமல் எங்கே போகும்?

நவம்பர் 10

பட்டணம் போய் வந்தேன். மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடை. போகுமுன் விழுப்புரத்து ஏட்டு அமீர் பாட்சாவிடம் யோசனை கேட்டிருந்தேன். போலீஸ் ஆயுதங்களெல்லாம் அவர் பொறுப்பு. எனக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் அவரிடம்தான் விட்டிருக்கிறார். "ரிவால்வர் வாங்குங்க நர்சம்மா. மக்கர் பண்ணாது" என்றார்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பொம்மை, பிடியில் முத்துச்சிப்பி. "லேடீசுக்குன்னே வந்தது." பிடித்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளியே தொங்கின. முன்னூறு பிள்ளை பிடித்த கை ஐயா இது, புளியங்கொட்டை மாதிரி எதையோ கொடுக்கிறீர்கள் என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

அடுத்து ஒரு பழைய ரிவால்வர். நடுவில் மடக்கித் திறப்பது, ஆறு குண்டு. நல்ல கனம், ஆனால் நிறம் போய்க் கிடந்தது. மூன்றாவது ஆட்டோமேடிக். புத்தம் புதிது, கறுப்பு, தட்டையாக இருந்தது, பிரசவப் பையில் அடக்கமாக உட்காரும். எட்டுக் குண்டு. கட்டைவிரலால் ஒரு கொக்கியைத் தள்ளினால்தான் சுடும். ஏட்டு சொன்னது காதில் இருந்தது. கண் என்னவோ ஆட்டோமேடிக்கை விட்டு நகரவில்லை.

ஆட்டோமேடிக்கே வாங்கிவிட்டேன்.

நவம்பர் 14, ஞாயிறு

விழுப்புரம். எட்டும் போயிற்று. வட்டத்தில் ஒன்றுமில்லை.

நவம்பர் 28

எல்லாம் இடது பக்கமாகவே போகிறது. ஏட்டு முதலில் மூச்சு என்றார், பிறகு மணிக்கட்டு என்றார், பிறகு என் மூக்குக்கண்ணாடி என்றார். கடைசியில், "பேஜாரா கீதும்மா. கை ஆடல, கண்ணு நல்லாதான் கீது. குண்டு மட்டும் ஏன் அங்க போவுது?" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

டிசம்பர் 12

ஒன்று வட்டத்தின் ஓரத்தில். ஒன்றே ஒன்று. ரயிலில் வரும்போது அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் யார் செத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். பாஞ்சாலி என்று சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 18

ஆண்டவரே, ஆண்டவரே! கை பரபரக்கிறது, எழுத்து கோணுகிறது.

மாடியில் மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்தோம். காக்காய் ஒன்று வந்து கொத்திக்கொண்டே இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, கைக்கு வந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து வீசினேன். சரியாக அதன் வாலில். பூமாலை சிரித்தாள்: "அந்தத் துப்பாக்கிய வித்துடு அக்கா. ஓடே போதும். சின்னதுலேர்ந்து பீச்சாங்கையாலதான குறி தப்பாம அடிப்ப."

முறம் கையிலேயே நின்றுவிட்டது.

ஐந்து வயதில் நான் எல்லாம் இடது கையால்தான் செய்வேன். சோற்றுக்கு அந்தக் கையை நீட்டினால் அம்மா சூடு வைப்பேன் என்பாள். பிறகு அந்தக் கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தட்டையே வைப்பாள். ஒரு வருஷம். அதன்பின் சாப்பிட, எழுத, சிலுவை போட, எல்லாம் வலது கை. துப்பாக்கியை இடது கையில் பிடிக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. ஏட்டுக்கும் தோன்றவில்லை. தட்டில் சோறு வைத்தால் எந்தக் கை என்று யாராவது யோசிக்கிறார்களா?

டிசம்பர் 19, ஞாயிறு

துப்பாக்கியை இடது கையில் எடுத்ததும் ஏட்டு ஓரடி பின்னால் போனார். "பீச்சாங்கையாலயா? அந்தக் கையால யாருக்கும் தண்ணி கூடக் குடுக்க மாட்டோமேம்மா."

"குழந்தை வெளிய வரும்போது தலையை ஏந்தினது பூரா இந்தக் கைதான் ஏட்டய்யா. ஒரு பிள்ளையும் வேணாம்னு திரும்பிப் போகலை" என்றேன்.

சுட்டேன். மூன்று உள்ளே. மூன்று!

ஆனால் கொக்கி இடது கட்டைவிரலுக்கு எட்டாத பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வலது கையைக் கொண்டுவந்து தள்ளினேன். அதற்குள் திருடன் சங்கிலியை விற்றே விடுவான். வெற்றுத் தோட்டா வேறு தெறித்து, கொதிக்கக் கொதிக்க என் ரவிக்கைக் கழுத்துக்குள் விழுந்தது. நான் ஆடிய ஆட்டம்! ஏட்டு பாவம், சட்டென்று திரும்பி நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிவால்வர் வாங்குங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார், மரத்திடமே.

டிசம்பர் 23

மறுபடி மவுண்ட் ரோடு. அந்தப் பழைய ரிவால்வர் இன்னும் இருந்தது. இடது கையில் எடுத்தேன். கொக்கி கிடையாது, தோட்டாவும் வெளியே தெறிக்காது. எந்தக் கையாலும் மடக்கித் திறக்கலாம். பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நிறம் போனதா, போகட்டும். எனக்கும்தான் நாற்பத்திரண்டு வயதாகிறது.

கடைக்காரர், "புதுசைக் குடுத்துப் பழசை வாங்கிப் போற முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

1938 ஜனவரி 5

லைசென்சில் நம்பரை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 16, ஞாயிறு

ஆறில் நான்கு. ஏட்டு நேரே கடைக்குக் கூட்டிப் போனார். தன் செலவில் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 27

விழுப்புரம். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து கான்ஸ்டபிள்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இடது கையில் எடுத்ததும் ஒருவன் களுக்கென்றான். நான் திரும்பவில்லை. பெருமுக்கல் வாசலை நினைத்துக்கொண்டேன், கும்பிட்டு நின்ற அந்தக் கையை.

முதல் குண்டு வெளியே. சரி, போ என்று விட்டேன்.

மற்ற ஐந்தும் உள்ளே! இன்ஸ்பெக்டர் தானே நடந்து போய் எண்ணினார். ஏட்டு ஓடிப்போய் இன்னொரு தரம் எண்ணினார். களுக்கென்றவன் வந்து, "அம்மா, எனக்கும் பீச்சாங்கை வாட்டந்தான். ஊட்ல அடிச்சு மாத்திட்டாங்க" என்றான். இவனும்!

வீட்டுக்கு வந்து பூமாலையிடம் சொன்னேன். "எலியடிக்கக் கூட வராதுன்னியே" என்றேன். அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அதுவும் உப்புக் கரித்தது. அமிர்தம் என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2

டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இனி எந்நேரமும் போவேன் என்று. அப்பாதுரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான். "நீங்க வந்தா நானும் வர்றேம்மா" என்றான். முகத்தில் நம்பிக்கை இல்லை.

மார்ச் 11

கிளியனூரில் தலைச்சன் பிரசவம். சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. குட்டைப் பனைகள் இருக்கும் இடத்தில் இருவர் குறுக்கே வந்தார்கள். அதே ஆட்கள். ஒருவன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். அப்பாதுரை தன் கோணல் கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

நான் எழுந்து நின்று ரிவால்வரை எடுத்தேன். "கயித்த வுடுடா."

அவன் பார்த்தான். சிரித்தான். "பீச்சாங்கையில புடிச்சிக்கினு நிக்கிது பாருடா. இதுக்குச் சுடத் தெரியாது."

எனக்கு வந்ததே கோபம்! அவனைச் சுட என்னால் முடியாது, நான் பிள்ளை பெறவைக்கிறவள். அவன் தலைக்கு மேலே பனையில் கள்ளுக்கலயம் தொங்கியது. முதல் குண்டு மட்டையில். இரண்டாவது கலயத்தில். நுரைத்த கள் மொத்தமும் அவன் தலையில் கொட்டியது. அவன் குண்டு தன் மேல்தான் பட்டுவிட்டது என்று நினைத்து, "அய்யோ செத்தேன்" என்று வயலுக்குள் விழுந்தடித்து ஓடினான். மற்றவன் எப்போது ஓடினான் என்று நான் பார்க்கவே இல்லை.

மாடுகள் மிரண்டு ஒன்றரை மைல் ஒரே ஓட்டம். அப்பாதுரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். முன்னாடியே போய்ச் சேர்ந்தோம். ஆண் பிள்ளை. தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

மார்ச் 14

மரம் ஏறுகிற பெரியதம்பி வந்தார். கலயத்துக்கு நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அட, அது கெடக்குதும்மா. ஒடஞ்ச கலயத்தோட வாயி மட்டும் தொங்கிக்கினு இருந்துது. எடுக்காம வுட்டுட்டேன். போறவன் வர்றவன் பாக்கட்டும்."

சாலையில் பொழுது சாய்ந்தும் ஆட்கள் நடமாடுகிறார்களாம். கோதண்டபாணி கடையில் இதே பேச்சாம். எனக்குப் போய்க் கேட்க ஆசைதான். துவரம்பருப்பு விஷயத்தில் என் வார்த்தை நிற்கிறது.

ஏப்ரல் 24, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் பெருமுக்கல். இரட்டைக் குழந்தைகள், இரண்டாவது பிள்ளை குறுக்கே கிடந்தது. திருப்பினேன். மூவரும் சுகம். விடியும் நேரம் வீடு திரும்பினோம். வழியெல்லாம் அப்பாதுரை தன் மகள் கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் கொஞ்சம் தூங்கியும் போனேன்.

கை கழுவிவிட்டு அலமாரியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ரிவால்வர் உள்ளேயே பூட்டியிருக்கிறது. எடுக்க மறந்து போயிருக்கிறேன். போகும்போதும் நினைவு வரவில்லை, வரும்போதும் வரவில்லை.

பூமாலையிடம் சொல்லவில்லை.