பூட்டு இல்லாத பதிப்பு

நவம்பர் 5, 2025. புதன்

காலையிலிருந்து மழை. சுங்கை பினாங்கிலிருந்து பீச் ஸ்ட்ரீட் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விட்டது. எனக்கு இருப்பதே கொஞ்சம்.

வந்ததும் பைதான் நிரல்மொழியின் 3.14ஆம் பதிப்பிலுள்ள புதிய வசதிகளைப் பற்றி மறுபடியும் படித்தேன். டெம்ப்ளேட் சரங்கள், தப்பாக எழுதினால் 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா' என்று கேட்கிற பிழைச் செய்திகள் – எல்லாம் நல்லதுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பூட்டு இல்லாத பைதான். போன பதிப்பில் வெள்ளோட்டமாக விட்டிருந்தார்கள். இதில் முறையான ஆதரவே கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி முதலாளி குகதாசன் அண்ணனுக்கு இப்படி விளக்கினேன்: அடுப்பு நாலு இருக்கிறது, கரண்டி ஒன்றுதான். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் கிண்டலாம், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பூட்டு. இனி ஆளுக்கொரு கரண்டி.

டயாலிசிஸ் நிலையத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருளுக்கு இதுதான் மருந்து. நோயாளியின் அட்டையைத் தேய்த்தால் எந்த நாற்காலி, உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீரை எடுக்க வேண்டும் என்று திரையில் வரும். ஆனால் வருவதற்குள் விடிந்துவிடும். "தேச்சிட்டு ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம்லா" என்று சிஸ்டர் காமினி போன மாதம் என்னைக் குத்திக் காட்டினார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். நிலையத்தின் புதுக் கிளை டிசம்பர் முதல் தேதி பாகான் டாலாமில் திறக்கிறது. அங்கே புதியதுதான் ஓட வேண்டும் என்றார். பொறுப்பு எனக்கு. டீம் லீட் என்ற பட்டமும்.

என்னோடு வேலை செய்கிற ஹஸ்ருல் மட்டும், "அக்கா, அந்தப் பூட்டு இத்தன வருசம் சும்மாவா கெடந்திச்சி?" என்றான்.

"பயமா இருந்தா நீ பழைய கரண்டியவே புடிச்சிக்கிட்டு நில்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

நவம்பர் 13, வியாழன்

எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. பறக்கிறது!

நவம்பர் 19, புதன்

ஜார்ஜ் டவுன் நிலையத்தில் பழைய திரைக்குப் பக்கத்திலேயே புதிய திரையையும் வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். வேலை பழையதை வைத்துத்தான். புதியது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க.

இன்று காமினி போன் செய்தார். "மிஸ், உங்க புது ஸ்கிரீன்ல சலேஹாம்மாவுக்கு 3.1 லிட்டர்னு காட்டுச்சி. அது அவங்க வீட்டுக்காரரு நம்பர். இவங்களுக்கு 1.2தான்."

சலேஹாம்மா ஒல்லியான ஆள். அந்த உடம்பிலிருந்து மூன்று லிட்டர் எடுத்தால் ரத்த அழுத்தம் கீழே விழுந்துவிடும். நாற்காலியிலேயே உயிர் போகலாம்.

பழைய திரை சரியாகக் காட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எப்படி வந்தது?

நவம்பர் 20, வியாழன்

நாள் முழுக்க ஆயிரக்கணக்கான பொய் நோயாளிகளை உள்ளே அனுப்பிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

அண்ணன்: "சிஸ்டர் பழைய ஸ்கிரீனையும் புதுசையும் மாத்திப் பாத்திருப்பாங்க சுதர்ஷினி. ஒரு தடவ நடந்ததுக்குப் போயி இப்படி முழிக்கிற."

இருக்கலாம். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நவம்பர் 22, சனி

அறிக்கையில் 'தாதியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்தது. இரண்டு முறை உட்கார்ந்தேன். கை வரவில்லை. காமினி கவனக்குறைவான ஆளே இல்லை.

நவம்பர் 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையிலேயே நிலையத்துக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். சலேஹாம்மாவும் அவர் கணவர் சீனி முகம்மதுவும் பாகான் டாலாமிலிருந்து மருமகனின் காடியில் பாலம் தாண்டி வருகிறார்கள். இருவருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. வந்ததும் சலேஹாம்மா கவுண்டரில் நின்று, "எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல குடும்மா" என்றார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு கவுண்டரில் காமினி, இன்னொன்றில் அவரோடு வேலை செய்கிற லைலா. ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னு, ரெண்டு, மூனு!" என்று எண்ணி ஒரே நேரத்தில் தேய்த்தார்கள். நடுவில் வேறு யாரும் புகுந்துவிடாமல் அடுத்தடுத்த நாற்காலி கிடைக்க இவர்களாகக் கண்டுபிடித்த வழி. புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி என்று சேர்ந்து வருகிற எல்லோருக்கும் இப்படித்தானாம், ரொம்ப நாளாக.

புதிய திரையில் இருவருக்கும் 3.1.

இருவரும் ஒரே நொடியில் உள்ளே நுழைகிறார்கள். 'இப்போது யாருடைய கணக்கு' என்று குறித்து வைக்கிற இடம் எங்கள் நிரலில் ஒன்றுதான். ஒருவர் குறித்ததை இன்னொருவர் படித்துவிடுகிறார். பழைய பைதானிலும் இந்த ஓட்டை உண்டு. ஆனால் பூட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்தியதால் விழுவது அரிதிலும் அரிது. நான் பொய் நோயாளிகளை முன்னும் பின்னுமாக அனுப்பினேன். நிஜ மனிதர்கள் அப்படித்தானே வருவார்கள்? மூன்று எண்ணிக்கொண்டு வருவார்கள் என்று யார் கண்டது!

நவம்பர் 25, செவ்வாய்

அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒன்னா தேய்க்காதீங்கன்னு கவுண்டர்ல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டா போச்சு" என்றார்.

நோட்டீஸ்! நோட்டீஸ் ஒட்டி உயிரக் காப்பாத்தப் போறாராம்!

நிரலைத் திருத்தலாம். ஆனால் ஓர் இடத்தைத் திருத்தினால் அதே தப்பு இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிகிற காரியமில்லை. அதுவரைக்கும் நிரலின் வாசலில் நாமே ஒரு பூட்டைப் போட்டு ஒவ்வொருவராக உள்ளே விடலாம், பத்திரம். பழையபடி மெதுவாகிவிடும், அவ்வளவுதான் என்றேன்.

"ஸ்லோவாவுறதுக்கா இவ்வளவு செஞ்சோம்? தொறப்பு விழாவுக்கு அந்தத் தொகுதி ஒய்.பி. வர்றாரு. அவரு முன்னாடியே ஓட்டிக் காட்டுறேன்னு சொல்லிட்டேன். மொதல்ல ஓடட்டும், அப்புறம் திருத்திக்கலாம்."

"அப்புறம்னா எப்ப அண்ணே? ஒரு ஆளு விழுந்த பெறகா?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லீட் ஒப்புதல் கொடுக்காமல் வெளியிட முடியாது. நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்றிலிருந்து ஹஸ்ருல்தான் லீட். ஒப்புதல் கொடுத்துவிட்டானாம்.

நவம்பர் 28, வெள்ளி

ஹஸ்ருல் புதுக் கிளையிலேயே கிடக்கிறான், போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறான். செய்தி அனுப்பினால் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். போன மாதம்தான் வீடு வாங்கினான், கைக்குழந்தை வேறு. அவனைச் சொல்லி என்ன செய்ய? – இல்லை, சொல்லத்தான் வேண்டும். பூட்டைப் பற்றி முதலில் கேட்டதே இவன்தானே? தெரிந்தும் எப்படிடா மனசு வந்திச்சி?

நிலையத்தின் மேலாளருக்குப் போன் செய்தேன். "உங்க பாஸ் எல்லாம் சரியாகிடுச்சின்னு சொன்னாரே" என்றார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பதவி போன கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 30, ஞாயிறு

நாளைக்கு நானே போகிறேன். திரையில் இருவருக்கும் ஒரே எண் வந்தால் ஒய்.பி. இருக்கிறார் என்றுகூடப் பார்க்க மாட்டேன், கத்திவிடுவேன். வேலை போனால் போகட்டும்.

பயமாக இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

பாகான் டாலாம் கிளையின் வாசலில் மாவிலைத் தோரணம், பந்தல். உள்ளே கால் வைக்க இடமில்லை. என்னைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹஸ்ருல் சுவரோரமாகக் கணினியும் கையுமாக நின்றான். நிமிரவே இல்லை. லைலாவை இங்கே மாற்றியிருக்கிறார்கள். அண்ணனின் நோட்டீஸும் கவுண்டரில் இருக்கத்தான் இருந்தது. ஒய்.பி.க்குப் போட வைத்திருந்த மாலைத்தட்டு அதை மறைத்துக்கொண்டிருந்தது.

இன்று முதல் நோயாளிகளே சலேஹாம்மாவும் சீனி முகம்மதுவும்தான். வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதில் சலேஹாம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வந்ததும் வராததுமாக, "லைலா, பக்கத்துப் பக்கத்துல, மறந்துடாத" என்றார்.

"மறப்பேனாம்மா" என்று லைலா பக்கத்துக் கவுண்டர் பெண்ணின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். நான் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

"ஒன்னு, ரெண்டு, மூனு!"

சீனி முகம்மது: 3.1. உடனே வந்துவிட்டது.

சலேஹாம்மாவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒய்.பி. சிரித்தபடி நின்றார். சிரிப்பு குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இவ்வளவு நேரம் ஏன் சுற்ற வேண்டும்? வரிசையில் நிறுத்தினால்தானே இப்படிச் சுற்றும்?

1.2.

"அட, பழசு மாதிரியே ஸ்லோவா இருக்குலா" என்றாள் லைலா.

அழுகை வந்துவிட்டது. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சலேஹாம்மா என் தோளைத் தொட்டு, "நீதான் கம்பியூட்டர் பிள்ளையா? என்னம்மா செஞ்சி வெச்சிருக்க, இவ்வளவு லேட்டாவுது?" என்று கடிந்துகொண்டார். "ஆமாம்மா, லேட்டுதான்" என்றேன்.

வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஹஸ்ருலைப் பிடித்துக்கொண்டேன். நிரலின் வாசலில் பூட்டைப் போட்டது அவன்தான். வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டானாம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? மூனு நாளா செத்துப் பொழச்சேன்டா!"

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க அக்கா? நேரா பாஸ் ரூமுக்குப் போயி, 'பாத்தீங்களா, அவனும் அதத்தான் சொல்றான்'னு கத்தியிருப்பீங்க. அவரு என்னையும் தூக்கிட்டு வேற ஆள வெச்சிருப்பாரு."

அப்படித்தான் செய்திருப்பேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஒரு வாரமாக அண்ணன் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. இன்று மீட்டிங்கில் ஆரம்பித்தார். "அந்தப் பூட்ட யாரக் கேட்டுப் போட்டீங்க? இதுக்கு யாரு காரணம்னு எனக்குத் தெரியும்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஹஸ்ருல் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரையும் கேக்கல பாஸ். லீட் நான்தானே" என்றான்.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சலேஹாம்மாவின் பெயர், மூன்று லிட்டர், நோட்டீஸ், மாலைத்தட்டு – எல்லாம். மேசைக்கு அடியில் ஹஸ்ருல் என் காலை ஓங்கி மிதித்தான். வலி உயிர் போனது.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன், பாகான் டாலாமிலிருந்து தினமும் புகார் வருகிறது, ரொம்ப மெதுவாக இருக்கிறதாம் என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்.